கார் இல்லாவிட்டால் மட்டும் போதுமா?

சிங்கப்பூரின் சைனாடவுன் ரயில் நிலையத்திலிருந்து பகோடா தெருப் பக்கம் வெளியே வந்தால், கார்கள் இல்லாத கடைத்தெருவில் நிற்பீர்கள். தெருவின் மறுமுனையில் 1827இல் நிறுவப்பட்ட மாரியம்மன் கோயில். அதன் கோபுரத்தை வைத்தே தெருவுக்கு இந்தப் பெயர் வந்தது.

சில நிமிட நடையில் ஸ்மித் தெரு. அங்கும் கார்களை நிறுத்தி, 2001இல் உணவுத் தெரு தொடங்கினார்கள். 2014இல் உயரமான கண்ணாடிக் கூரையும் போட்டார்கள். ஆனாலும் 2021இல் உணவுத் தெரு மூடப்பட்டது. அப்படியானால், ஒரு தெருவை வாழவைப்பது எது?

முதலாவது, கதவுகள். நாம் மணிக்குச் சுமார் 5 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 1.4 மீட்டர் நடக்கிறோம். சைனாடவுனின் பழைய கடைவீடுகளின் முகப்பு 5, 6 மீட்டர்தான். எனவே நான்கு நொடிக்கு ஒருமுறை புதிய கடை, புதிய காட்சி. டென்மார்க் கட்டடக் கலைஞர் யான் கெல் நல்ல தெருவுக்குச் சொல்லும் அளவும் ஏறக்குறைய இதுவே. மாறாக, 60 மீட்டர் நீள வெற்றுச் சுவரைக் கடக்க நாற்பது நொடிக்கு மேல் ஆகும். பார்க்க எதுவும் இல்லாததால் நடையை எட்டிப் போடுவோம்.

இரண்டாவது, நிழல். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. 1822இலேயே ராஃபிள்ஸின் நகரத் திட்டம், ஒவ்வொரு வீட்டின் முன்பும் கூரையுடன் கூடிய தொடர் நடைபாதை வேண்டும் என்றது. ‘ஐந்தடிப் பாதை’ எனப்படும் அது இன்றும் வெயிலையும் மழையையும் தடுக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியமானது: வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு வேலைக்கு வரும் மக்கள். அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இலேயே இதை வலியுறுத்தினார். ஸ்மித் தெருவின் உணவுத் தெரு, சாப்பிட வரும் சுற்றுலாப் பயணிகளைப் பெரிதும் நம்பியிருந்தது. கொரோனாவால் அவர்கள் வரவு நின்றதும் தள்ளாடியது. பகோடா தெருவிலும் பயணிகள் அதிகம்தான். ஆனால், ரயில் நிலையத்துக்குப் போகும் வழி என்பதால் உள்ளூர்க்காரர்களும் அதைக் கடக்கிறார்கள்.

ஸ்மித் தெருவை ஒட்டியே சைனாடவுன் வணிக வளாகம் இருக்கிறது. தெருவோர வியாபாரிகள் 1983இல் இங்கே மாற்றப்பட்டார்கள். தண்ணீர் வசதியும் சுகாதாரமும் கிடைத்தன. தெருக்கள் தம் பழைய கலகலப்பை இழந்தன. வளாகத்தின் அடித்தளத்தில் காய்கறி, மீன் சந்தை. இரண்டாம் தளத்தில் 200க்கும் மேற்பட்ட உணவுக் கடைகள். அதற்கு மேல் குடியிருப்புகள். காலையில் காய்கறி வாங்குபவர்கள், மதியம் அலுவலக ஊழியர்கள், மாலையில் வெளியே சதுரங்கம் ஆடும் முதியவர்கள் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும்.

சென்னை தி.நகர் பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அடுத்தமுறை அங்கே போகும்போது நூறு அடி எடுத்துவைத்து, எத்தனை கடை வாசல்களைக் கடந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பத்துக்கு மேல் இருந்தால் நல்லது. நிழல் தொடர்ந்து வருகிறதா என்றும் பாருங்கள். பிறகு காலை ஏழு மணிக்கு ஒருமுறை போய், யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கவனியுங்கள். தெருவின் ஆயுளை அதுவே சொல்லிவிடும்.