பாதரட்சையும் பெடலும் பொருந்துமாறு

மிதிவண்டியைச் செலுத்துவோன் அதனை மூன்றிடங்களில் தொடுகின்றான். கைகள் கைப்பிடியையும், இடுப்பு இருக்கையையும், பாதங்கள் பெடல்களையும் சார்ந்து நிற்கின்றன. இம்மூன்றனுள் கையும் இடுப்பும் வேண்டியபோது இடம்பெயர்ந்து இளைப்பாறும். பாதத்திற்கோ அவ்விளைப்பாறுதல் இல்லை. பந்தய வண்டி ஓட்டுவோர் நிமிடம் ஒன்றுக்கு ஏறக்குறைய 90 சுற்று மிதிப்பர். அக்கணக்கின்படி ஒரு மணி நேரத்தில் 5,400 சுற்றும், நான்கு மணி நேரத்தில் 21,600 சுற்றும் ஆகும். சுற்றுதோறும் முழங்கால் ஒருமுறை மடங்கி ஒருமுறை நீள்கின்றது. ஆகவே பாதம் பெடலின்மேல் சிறிதே கோணி நிற்பினும், அக்கோணல் ஒரே நாளில் 21,600 முறை முழங்காலைத் தாக்கும் என்பது வெளிப்படை. பாதரட்சையைப் பெடலுக்கு இசைவித்தல் சிறு தொழில் போலத் தோன்றினும், ஓட்டுவோனது முழங்காலின் நலம் அதன்கண் அடங்கியிருத்தலின், அதனை ஈண்டுச் சிறிது விரித்து எழுதப் புகுந்தாம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். முற்காலப் பந்தய வண்டிகளில் பெடலின் முன்புறத்தே உலோகத்தாலாகிய ஒரு சிறு கூடு இருக்கும். ஓட்டுவோன் கால்விரல்களை அதனுள் நுழைத்துத் தோல்வாரால் இறுக்கிக் கொள்வான். அக்கூட்டிற்குக் கிளிப் என்பது பெயர். பின்னர்க் கூடும் வாரும் ஒழிந்து, பாதரட்சையின் அடியிற் பொருத்திய ஒரு துண்டைப் பெடலே கவ்விக்கொள்ளும் அமைப்பு வந்தது. அத்துண்டைக் கிளீட் என்பர். கிளிப் இன்மையின் அப்பெடல் 'கிளிப்பில்லாப் பெடல்' எனப் பெயர் பெற்றது. கால் முன்னினும் உறுதியாகப் பிணிப்புண்டிருக்கப் பெயர் மட்டும் பிணிப்பில்லாதது போல் ஒலித்தலின், புதியோர் மயங்குவர். பெயர்க்காரணம் அறிந்தார்க்கு மயக்கம் இல்லை.

இத்தாலி தேயத்துச் சினெல்லி என்பார் 1971 இல் வெளியிட்ட பெடல் இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. ஆயினும் அதினின்று காலை விடுவித்தற்கு ஓட்டுவோன் குனிந்து கையால் ஒரு நெம்பியைத் தள்ளவேண்டியிருந்தது. விழும் வேளையில் அது கூடுமோ? பனிச்சறுக்குக் கட்டைகளில் காலைப் பிணிக்கும் கருவிகளைச் செய்துவந்த பிரான்சு நாட்டு லுக் நிறுவனத்தார் அக்குறையை நீக்கினர். சறுக்குவோன் விழுங்கால் பிணிப்புத் தானே விடுபடும் முறையை அவர்கள் பெடலில் அமைத்து 1984 இல் வெளியிட்டனர். குதிகாலைப் புறத்தே திருப்பிய அளவில் கால் விடுபடும். மறுவருடம், 1985 இல், பெர்னார் இனோ என்னும் வீரர் அப்பெடலைக் கொண்டே பிரான்சு தேயச் சுற்றுப்பந்தயத்தில் வாகை சூடினார். அவரே 1980 ஆம் ஆண்டுப் பந்தயத்தில், முதல்வர்க்குரிய மஞ்சட் சட்டையை அணிந்திருந்த நிலையிலும், முழங்கால் நோவினால் விலக நேர்ந்தது. பெருவீரர்க்கும் முழங்கால் நலமே முதற்பொருள் என்பதற்கு இஃதொன்றே சாலும்.

அதன்பின் நிறுவனந்தோறும் ஒரு முறை தோன்றிற்று. ஜப்பான் நாட்டு ஷிமானோ 1990 இல் மலைப்பாதை வண்டிகளுக்கென எஸ்.பி.டி. என்னும் பெடலை வெளியிட்டது. அமெரிக்காவில் ஸ்பீட்ப்ளே என்னும் பெடல் தோன்றிற்று. பெடல்கள் பலவாயினமையின் பாதரட்சையின் அடியிலுள்ள துளைகளும் பலவாயின. இன்று பெரிதும் வழங்குவன மூன்று வகையென அறிக. லுக் வகுத்த வழியில் முக்கோணமாய் அமைந்த மூன்று துளை ஒன்று. எஸ்.பி.டி.க்குரிய இரண்டு துளை மற்றொன்று. ஸ்பீட்ப்ளேக்குரிய நான்கு துளை பிறிதொன்று. முதல் வகையில் பெரிய பிளாஸ்டிக் கிளீட் அடியட்டைக்கு வெளியே புடைத்து நிற்கும். இரண்டாம் வகையில் சிறிய எஃகுக் கிளீட் அடியட்டையின் பள்ளத்துள் ஒடுங்கி நிற்றலின் நடத்தற்கு எளிது. மூன்றாம் வகையிலோ கவ்வும் பொறி பெடலில் இல்லை. அது கிளீட்டிலேயே அமைந்துள்ளது.

ஈண்டு ஒரு தெளிவு வேண்டும். துளை ஒன்றாயிருப்பதனால் கிளீட்டும் ஒன்றாகிவிடாது. லுக் நிறுவனத்தாரது பழைய டெல்டா, 2004 இல் வந்த கியோ, ஷிமானோவின் எஸ்.பி.டி.-எஸ்.எல். ஆகிய மூன்றும் பாதரட்சையின் அதே மூன்று துளைகளிற் பொருந்துவன. ஆயினும் ஒன்றன் கிளீட் மற்றொன்றன் பெடலிற் செம்மையாகக் கவ்வாது. இவற்றினிடையே மாறுவோர் பெடலுக்குரிய கிளீட்டை வாங்கிப் பொருத்தினாற் போதும். வேறு கருவி வேண்டா. வாங்குங்கால் நிறத்தையும் நோக்குக. ஷிமானோவின் மஞ்சள் நுனியுடைய கிளீட் பாதத்திற்கு 6 பாகை அசைவிடம் தரும். நீலம் 2 பாகை தரும். சிவப்பு அசையவே விடாது. லுக் கியோவிலோ சிவப்பு 9 பாகை, சாம்பல் 4.5 பாகை, கறுப்பு அசைவின்மை. ஒரு நிறுவனத்தார்க்கு அசையா நிலையைக் குறிக்கும் சிவப்பு, மற்றொருவர்க்கு மிகுந்த அசைவைக் குறிக்கின்றது. நிறப்பழக்கத்தால் ஏமாறுவோர் முழங்கால் வருந்தும்.

இனித் துளைகள் வேறுபடுமிடத்துச் செய்யத்தக்கதை ஆராய்வாம்.

மூன்று துளைப் பாதரட்சை உடையார் எஸ்.பி.டி. பெடலை மிதிக்க விரும்பின், இடைத்தகடு ஒன்று வேண்டும். அதன் மேற்புறம் மூன்று திருகாணிகளால் பாதரட்சையைப் பற்றும். கீழ்ப்புறம் இரண்டு திருகாணிகளால் கிளீட்டைத் தாங்கும். ஷிமானோ நிறுவனத்தாரே இத்தகையதொன்றை விற்கின்றனர். இம்முறை ஆகும், ஆயினும் சிறு எஃகுக் கிளீட் ஒடுங்குதற்குப் பள்ளம் இன்மையின் வெளியே துருத்தி நிற்கும். கற்றளத்தில் நடப்போர் வழுக்கி விழாமற் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று துளைப் பாதரட்சையோடு ஸ்பீட்ப்ளேயை விரும்புவார்க்கு வழி எளிது. அக்கிளீட்டுடனேயே மூன்று துளைக்குரிய அடித்தகடும், அடியட்டையின் வளைவை நிரப்பும் மெல்லிய துண்டுகளும் தரப்படுகின்றன. ஆனால் உயரம் மாறும். நான்கு துளைப் பாதரட்சையில் நேரே பொருத்தின் பெடலச்சின் நடுவிற்கும் அடியட்டைக்கும் இடையே 8.5 மில்லிமீட்டர் இருக்கும். அடித்தகட்டின் வழியாய்ப் பொருத்தின் அது 11.5 மில்லிமீட்டர் ஆகும்.

இரண்டு துளைப் பாதரட்சையில் மூன்று துளைக் கிளீட்டைப் பொருத்தும் முயற்சியை யாம் பரிந்துரையோம். அப்பாதரட்சையின் அடியில் நடத்தற்கென வைத்த ரப்பர் முண்டுகள் பெரிய கிளீட்டைச் செம்மையாய்ப் படியவிடா. சிலர் முண்டுகளை அறுத்தும், அடியட்டையிற் புதுத்துளை இட்டும் பார்ப்பர். அடியட்டை கார்பன் இழைகளால் ஆகியதாயின் துளையிட்ட இடத்தில் இழைகள் அறுந்து வலிமை குன்றும். ஏறுமேட்டில் எழுந்து நின்று மிதிக்கும் வேளையில் அது பிளக்கவுங் கூடும். இருவகைத் துளைகளையும் உடைய பாதரட்சைகள் சில உள. இரண்டு பெடல்களையும் ஆள்வோர் அத்தகையதைத் தேடிக் கொள்ளுதல் நன்று.

துளை பொருந்திற்று, கிளீட் பெடலைக் கவ்விற்று. இவ்வளவில் வேலை முடிந்ததெனப் பலர் எழுந்து விடுவர். உண்மையில் வேலை ஈண்டுத்தான் தொடங்குகின்றது. துளை பொருந்துதல் வேறு, கால் பொருந்துதல் வேறு. இடைத்தகடு நடுவே புகுந்தமையால் உயரம், இடம், விடுபாடு என்னும் மூன்றும் மாறியிருக்கும். அவற்றை முறையே நோக்குவாம்.

முதலாவது உயரம். தகட்டின் கனம் 3 மில்லிமீட்டர் ஆயின், பாதம் அச்சினின்று அவ்வளவு மேலெழும். அதனால் மிதியின் அடிநிலையில் முழங்கால் முன்னினும் மிகுதியாக மடங்கி நிற்கும். அதனைச் சரிசெய்ய இருக்கையையும் அதே 3 மில்லிமீட்டர் உயர்த்துக. தகட்டை நீக்கி உயரம் குறையின் இருக்கையையும் அவ்வளவு தாழ்த்துக. தாழ்ந்த இருக்கை முழங்காலின் முன்புறத்தையும், மிக உயர்ந்த இருக்கை பின்புறத்தையும் வருத்தும் என்பது பயின்றோர் கூற்று. பாதரட்சையைப் பெடலிற் பூட்டி அச்சின் நடுவினின்று அடியட்டைவரை பழைய அளவையும் புதிய அளவையும் எடுத்து ஒப்பிடின், வேறுபாடு தெரியும்.

இரண்டாவது இடம். பழைய கிளீட்டைக் கழற்றுமுன் அதனைச் சுற்றி ஒரு கோடு கிழித்துக்கொள்க. கழற்றியபின் நினைவை நம்பலாகாது. பெருவிரலின் அடியிற் புடைத்துள்ள எலும்பைப் பாதரட்சையின் மேல் தடவிக் கண்டு, அவ்விடத்தைப் பக்கவாட்டிற் குறித்துக்கொள்க. கிளீட்டின்மேல் அச்சின் நடுவைக் காட்டும் கோடு பெரும்பாலும் இருக்கும். அக்கோடு குறித்த இடத்திற்கு நேராகவோ, சில மில்லிமீட்டர் பின்னாகவோ நிற்குமாறு வைப்பது பொதுமுறை. கோணத்தை அறிதற்கு ஓர் எளிய வழி உண்டு. மேசையின்மேல் அமர்ந்து கால்களைத் தொங்கவிடுக. பாதங்கள் இயல்பாக எப்பக்கம் நோக்குகின்றனவோ அந்நோக்கையே கிளீட்டும் ஏற்க வேண்டும். இரு பாதங்களும் ஒன்றுபோல் இரா. ஆதலின் ஒன்றைப் பார்த்து மற்றொன்றை அமைத்தலாகாது.

மூன்றாவது விடுபாடு. இதிற் பிழை நேரின் முழங்காலேயன்றி உயிரும் இடர்ப்படும். சந்தியில் வண்டி நிற்க, கால் விடுபடாவிடின், ஓட்டுவோன் பின்வரும் வண்டிகளின் முன்னே சாய்வான். ஆகவே புதிய கிளீட்டைப் பூட்டியதும் சாலைக்குச் செல்லாமல், சுவரைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு காலையும் இருபது முறையேனும் பூட்டி விடுவித்துப் பழகுக. கவ்வும் வில்லின் இறுக்கத்தை மாற்றும் திருகாணி பெடலில் இருப்பின், அதனை முதலில் மிகத் தளர்த்தி வைத்து, பழகப் பழக இறுக்குக. அடியட்டையோ இடைத்தகடோ பெடலின் உடலில் உராய்ந்து காலைத் திருப்பவிடாது தடுக்கின்றதா என்பதையும் அப்போதே நோக்குக.

திருகாணிகளைப் பற்றி ஒரு குறிப்பு. தகடு புகுந்தவிடத்துப் பழைய திருகாணி குறுகியதாகிச் சில மரைகளையே பற்றும். அது பெருமிதியிற் பிடுங்கிக்கொள்ளும். மிக நீண்டதாயின் உட்புறத்தே எழுந்து உள்ளங்காலைக் குத்தும். தகட்டோடு வந்த திருகாணிகளையே ஆளுக. மரைக்குச் சிறிது கிரீஸ் இட்டு, செய்தோர் குறித்த அளவிற்கு முறுக்குக. ஷிமானோ கிளீட்டிற்கு அவ்வளவு 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் ஆகும். முதற்பயணம் முடிந்தபின் மீண்டும் ஒருமுறை முறுக்கிப் பார்த்தல் இன்றியமையாதது.

இவ்வளவும் கூறியபின் ஒரு வினா எழும். பாதரட்சையை மாற்றுவதினும் பெடலையே மாற்றலாகாதோ? பெரும்பாலும் ஆகும். இக்காலத்துப் பந்தய வண்டிகளின் பெடல் மரை பொதுவாக 9/16 அங்குலம். எந்நிறுவனத்தின் பெடலும் அதிற் புகும். இடப்பெடலின் மரை மறுபுறம் சுழல்வது என்பதை மட்டும் மறவாதொழிக. பிறர் வண்டியைச் சின்னாட்கு ஆள்வோர், தம் பெடல்களைத் தாமே கொண்டுசென்று பூட்டிக் கொள்ளின், தகடும் வேண்டா, புதிய அளவையும் பெரிதும் வேண்டா. இதுவே சிக்கனமும் நலமுமாம். பிரான்சு தேயத்துப் பழைய வண்டிகள் சிலவற்றில் மரை 14 மில்லிமீட்டராய் வேறுபடும். ஆண்டு வன்மையாகத் திருகின் கிராங்கு கெடும்.

சவுல் அரசன் தன் கவசத்தையும் பட்டயத்தையும் தாவீதுக்கு அணிவித்தபோது, அவை பழக்கமற்றவை என்று கண்டு அவன் அவற்றைக் களைந்துவைத்த செய்தியைத் திருமறை கற்றார் அறிவர். கவசம் தாழ்ந்ததன்று, அரசனுக்கு உரியது. ஆயினும் அவனுக்குப் பொருந்தவில்லை. கருவியின் சிறப்பு விலையிலும் பெயரிலும் அன்று, ஆள்வோன் உடலுக்கு இசைவதிலேயே உளது. ஆதலின், நண்பர்காள், வீரர் பலர் ஆளும் பெடல் என்பதுபற்றி ஒன்றை விரும்பி வாங்குமுன், நும் பாதரட்சையின் அடியைத் திருப்பித் துளைகளை எண்ணுக. பூட்டியபின் உயரத்தையும் இடத்தையும் விடுபாட்டையும் அளந்து நோக்குக. அரைமணி நேரம் பொறுமையாய் இதிற் செலவிடுவோர், பல்லாண்டு நோவின்றி மிதித்தின்புறுவர் என்பது எமது துணிபு.