எல்லாம் பருந்தல்ல

இரணைமடுக் குளக்கட்டில் காலை எட்டு மணி. அலைகரையோரம் பட்டுப்போய் நின்ற மரத்தின் உச்சியில் பெரிய பறவை ஒன்று அசையாமல் இருந்தது. மாடு சாய்த்துக்கொண்டு வந்த பெரியவரிடம் என்ன பறவை என்று கேட்டேன்.

"உது பருந்து தம்பி. கோழிக்குஞ்சு தூக்க வந்திருக்கும்."

தலை சாம்பல், மார்பு கபிலம், வயிறும் தொடையும் வெள்ளை, வெள்ளை வாலின் நுனியில் கறுப்புப் பட்டை. அது சாம்பல்தலை மீன்கழுகு. அதன் பார்வை முழுவதும் தண்ணீரில்தான் இருந்தது. உலக அளவில் அச்சுறுத்தலை நெருங்கும் இனமாகப் பட்டியலிடப்பட்ட இந்தக் கழுகுக்கு வன்னியின் குளங்கள் இன்னும் மீன் கொடுக்கின்றன.

கொக்கி போன்ற அலகோடு வானத்தில் வட்டமிடும் எதையும் நாம் பருந்து என்கிறோம். பழந்தமிழில் பருந்து, எருவை, எழால், வல்லூறு, உவணம் என்று தனித்தனிப் பெயர்கள் இருந்தன. கழுகு என்ற சொல்லைக் கேட்டால் பலருக்குப் பிணந்தின்னும் பறவையே நினைவுக்கு வருகிறது. ஆனால் இலங்கையில் பிணந்தின்னிக் கழுகுகள் கூடுகட்டி வாழ்வதில்லை. நம் ஊர்க் கழுகுகள் எல்லாம் வேட்டைப் பறவைகள்.

வானத்தில் வருவதை உருவத்தாலும் ஓசையாலும் பிரித்தறிவது வன்னிக்குப் புதிதன்று. போர்க்காலத்தில் கிபிர் போர்விமானம் எது, ஹெலிகொப்டர் எது, 'வண்டு' எனப்பட்ட ஆளில்லா வேவு விமானம் எது என்பதைச் சின்னப் பிள்ளைகளும் சொன்னார்கள். உயிர் தப்புவதற்காக அன்று பழகிய அதே திறமைதான் கழுகுகளை அறியவும் வேண்டும்.

முதற் பாடம், நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பறக்கும் பறவை எதுவும் கறுப்பாகவே தெரியும். குஞ்சுப் பருவத்தில் ஒரு நிறம், வளர்ந்தபின் இன்னொரு நிறம் என்பதும் கழுகுகளின் வழக்கம். கடற்கழுகுக் குஞ்சு கபில நிறத்தில் தொடங்கி வளர்ந்த பறவையின் நிறத்துக்கு வர நான்கைந்து ஆண்டுகள் எடுக்கும். ஆகவே இறக்கையை எப்படிப் பிடிக்கிறது, வால் என்ன வடிவம், எப்படிக் கத்துகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்ற நான்கையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

முல்லைத்தீவுக் கரையிலும் நந்திக்கடல், கொக்கிளாய், சுண்டிக்குளம் களப்புகளிலும் தேட வேண்டியது வெண்வயிற்றுக் கடற்கழுகு. விரித்த இறக்கை ஏறத்தாழ 2 மீற்றர். மிதக்கும்போது இறக்கைகளை மேல்நோக்கித் தூக்கிப் பிடிக்கும். வால் குட்டையான ஆப்பு வடிவம். மீனோடு கடற்பாம்பையும் பிடிக்கும். ஆண்டுதோறும் அதே கூட்டுக்குச் சுள்ளி சேர்த்துப் பெருப்பிக்கும். மாரியில் இதே களப்புகளுக்கு விரால் அடிப்பானும் வந்து சேரும். கண் வழியாக ஓடும் கறுப்புப் பட்டையும், கால்களை முன்னே நீட்டித் தண்ணீரில் விழும் பாய்ச்சலும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

கோயில் கும்பாபிஷேகத்தில் வட்டமிட்டால் நாம் கைகூப்பும் கருடன் செம்பருந்து. வெள்ளைத் தலை, செங்கபில உடல், வட்டமான வால் நுனி. அதன் இளம் பறவை கபிலமாக இருப்பதால், யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கம் மிகுதியாகக் காணும் கரும்பருந்து என்று எண்ணிவிடுவோம். அப்போது வாலைப் பாருங்கள். கரும்பருந்தின் வால் நடுவே கவடு விழுந்திருக்கும்.

மிகப் பெரிய குழப்பம் காட்டோரக் காணிகளில்தான். அங்கே குடுமி வைத்த கழுகுகள் இரண்டு உண்டு. பாம்புக்கழுகின் குடுமி பிடரியில் குட்டையாக, அடர்த்தியாக இருக்கும். கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே மஞ்சள் தோல். பறக்கும்போது இறக்கையின் அடியில், பின்விளிம்பை ஒட்டி அகன்ற வெள்ளைப் பட்டை தெரியும். உயரே மிதந்தபடி நீட்டி விசிலடிப்பதுபோல் கத்தும். குடுமிப்பருந்தின் குடுமியோ நீண்டு மெலிந்து நிமிர்ந்து நிற்கும், வாலும் நீளம். இளமையில் தலையும் மார்பும் வெண்மையாக இருந்து, வயதோடு கபிலம் ஏறும்.

இரண்டையும் பிரிக்கச் சந்தேகமில்லாத வழி காலைப் பார்ப்பது. குடுமிப்பருந்துக்கு விரல்வரை இறகு மூடியிருக்கும், காற்சட்டை போட்டதுபோல. பாம்புக்கழுகின் கால் வெறும் மஞ்சள், தடித்த செதில் போர்த்தது. பாம்பைப் பிடிக்கும்போது அந்தச் செதில்தான் கவசம். வளவுக் கோழியைச் சில வேளை தூக்குவது குடுமிப்பருந்து. ஆனால் கல்லெறி விழுவதோ, பெரும்பாலும் பாம்பையும் ஓணானையும் தின்று வாழும் பாம்புக்கழுகின் மேல். பெயர் தெரியாததால் நேரும் அநியாயம் இது.

கழுகு பார்க்க விடியப்புறம் எழும்பத் தேவையில்லை. காலை ஒன்பது, பத்து மணிக்கு நிலம் சூடேறும். காலபோக அறுவடை முடிந்து வெறுமையான வயலும் ஏ9 வீதியின் தாரும் பக்கத்துக் காட்டைவிட விரைவாகச் சூடாகி, மேலிருக்கும் காற்றை உயரே அனுப்பும். அந்தக் காற்றுத் தூணுக்குள் வட்டமிட்டால் இறக்கை அடிக்காமலே கழுகு மேலேறும். இறக்கை நுனியில் விரல்போல் பிரிந்து நிற்கும் இறகுகள், அங்கே சுழலும் காற்றின் இழுவையைக் குறைக்கின்றன. அந்த உயரத்திலிருந்தும் தரையில் நெளிவது தெரிய வேண்டும் என்பதால், கூர்ந்து பார்க்கும் குழி நம் விழித்திரையில் ஒன்று, கழுகின் விழித்திரையில் இரண்டு.

இவ்வளவு கூர்மையான உயிரை நாம் அறியாமலே அழித்துவிடக்கூடும். டீடீடி பூச்சிமருந்து மீன் வழியாக அமெரிக்காவின் வெண்தலைக் கழுகுக்குள் சேர்ந்தபோது, முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் பாரத்திலேயே உடைந்தது. 1972இல் அங்கே அந்த மருந்தைத் தடைசெய்தார்கள். கழுகுகள் பெருகி, 2007இல் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலிலிருந்து வெளியேறின. வயலில் தெளிப்பதும் எலிக்கு வைப்பதும் எங்கே போய்ச் சேரும் என்று நாமும் யோசிக்க வேண்டும். சுண்டிக்குளம் 1938இலேயே சரணாலயம். 2015இல் தேசியப் பூங்காவாகியது. ஆனால் கழுகு கூடு வைக்கும் மரம் எல்லைக்கல்லுக்கு உள்ளேதான் நிற்கும் என்பதில்லை. குளக்கட்டுக்குக் கீழே நிற்கும் முதிய மருதமரத்தைத் தறிக்காமல் விடுவதும் பாதுகாப்புத்தான்.

ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். திகதி, இடம், நேரம், இறக்கை, வால், கால், குரல். வன்னியில் தொலைநோக்கியோடு நடக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. அந்த ஆண்டுகளில் எழுதப்படாமல் போன பக்கங்களை, போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் எழுதத் தொடங்கலாம். அவர்கள் பயமில்லாமல் வானத்தை நிமிர்ந்து பார்க்கப் பிறந்தவர்கள்.

அன்று பெரியவரிடம் கழுகின் காலையும் வாலையும் காட்டிக்கொண்டிருந்தபோதே அது மரத்தைவிட்டுப் பாய்ந்தது. தண்ணீரில் கால் பட்டது. திரும்பும்போது நகத்தில் மீன் துடித்தது. பெரியவர் மாட்டை மறந்து நின்றார்.

"அப்ப உது எங்கட கோழிக்கு வரேல்ல," என்றார்.