அலுமினியப் படகு நம் கரைக்கு ஏற்றதா?

வங்கக் கடலின் ஓரத்தில் வாழும் நமக்குப் படகு புதிய பொருளன்று. அதிகாலையில் கடலுக்குள் செல்லும் படகுகளையும், வெயில் ஏறுமுன் மீனோடு கரை திரும்பும் படகுகளையும் பிறந்த நாள் முதல் கண்டு வருகிறோம். எனினும், "ஒரு படகு நல்ல படகா என்று எப்படிக் கண்டறிவது?" என்று யாரேனும் வினவினால் நம்மில் எத்தனை பேர் விடை கூற இயலும்? இவ்வாண்டு எங்கள் அறிவியல் மன்றத்தின் முன் அந்த வினா எழுந்தது. அதைக் கொண்டு வந்தவள் கடப்பாக்கத்திலிருந்து பள்ளிக்கு வரும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி.

அவளுடைய தந்தையார் மீனவர். அவரிடம் 24 அடி நீளமுள்ள பழைய பைபர் படகு ஒன்று உண்டு. சென்ற ஆண்டு வாடைக் காலத்தில் கரை திரும்பும்போது அலை உடையும் இடத்தில் அது கவிழ்ந்தது. மூவரும் நீந்திக் கரை சேர்ந்தனர். வலையும் எஞ்சினும் கடலோடு போயின. இந்த நிலையில், வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் வேலை செய்யும் உறவினர் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார். வெள்ளி போல் மின்னும் அலுமினியப் படகு. 22 அடி நீளம். நடுவில் நின்றபடி ஓட்டுவதற்கு ஒரு மேடை. சென்டர் கன்சோல் படகு என்று அதற்குப் பெயராம். "துருப் பிடிக்காது, உடையாது, இதுபோல் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தார். அதற்கு அம்மாவின் நகை, மகளிர் குழுக் கடன், தோழியின் கல்லூரிப் படிப்புக்கென்று சேர்த்த பணம் ஆகிய மூன்றும் வேண்டும். "சிஸ்டர், இது நல்லதா கெட்டதா என்று நாம் கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா?" என்று அவள் கேட்டபோது வகுப்பு அமைதியாயிற்று.

ஒரு சனிக்கிழமையன்று சிஸ்டர் எங்களைக் கடப்பாக்கத்துக்கு அழைத்துச் சென்றார். ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த மதில்களைக் கடந்து கரைக்குச் சென்றோம். படகைத் தண்ணீரில் காண ஆவலாக நின்ற எங்களைப் பார்த்துத் தோழியின் தந்தையார் சிரித்தார். "படகைத் தண்ணியிலே பாக்காதீங்கம்மா. முதல்ல மணல்லே பாருங்க. அதுக்கப்புறம் அலையிலே பாருங்க. தண்ணியிலே எல்லாப் படகும் அழகாத்தான் இருக்கும்" என்றார். அவர் சொன்ன வரிசையிலேயே எங்கள் ஆராய்ச்சியும் அமைந்தது.

மணலும் அலையும்

துறைமுகத்தில் நிற்கும் படகுக்கு மணல் என்பதே தெரியாது. நம் கரைப் படகோ நாள்தோறும் மணலில் இறங்கி, மணலில் ஏற வேண்டும். ஆள்கூடித் தள்ளியோ, டிராக்டர் கொண்டு இழுத்தோ அதை மேலேற்றுகின்றனர். ஆகவே எடை குறைவாக இருத்தல் முதல் தேவை. அடிப்பகுதி ஓரளவு தட்டையாக இருத்தல் இரண்டாம் தேவை. கூரிய அடியுள்ள படகு ஆழ்கடலில் அலையைக் கிழித்துக்கொண்டு விரையும். மணலிலோ ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அவ்வாறு சாய்ந்து கிடக்கும் வேளையில் பக்கவாட்டில் ஓர் அலை அடித்தால் கவிழ்வது எளிது.

இந்தக் கரையின் இயல்பை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். கட்டுமரத்தில் மரங்களின் இடைவெளி வழியே தண்ணீர் வடிந்துவிடும். உள்ளே நிரம்புவதற்கு இடமே இல்லை. சோழமண்டலக் கரையில் கப்பலிலிருந்து சரக்கும் மக்களும் இறங்குவதற்கு மசூலாப் படகுகள் பயன்பட்டன. அவற்றின் பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்திருந்தனர். அலை மோதும்போது தைத்த பலகைகள் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும்; ஆணி அறைந்த விறைப்பான படகு பிளந்துவிடும். மேல்நாட்டுக் கப்பலோட்டிகளும் தங்கள் சொந்தப் படகுகளை நம்பாமல் இவற்றில் ஏறியே கரை சேர்ந்தனர்.

படத்திலிருந்த படகு கூரிய அடியுடையது. பின்புறத்தில் கனமான பெட்ரோல் எஞ்சின் தொங்குகிறது. நம் கரையில் பலர் பயன்படுத்தும் டீசல் எஞ்சினுக்கு வால் போல் நீண்ட தண்டு உண்டு. ஆழம் குறைந்தவுடன் ஒரு கையால் அழுத்தினால் விசிறி மேலெழும்பும். வேகம் குறைவு, எரிபொருள் செலவும் குறைவு. ஆகவே மணல் என்னும் முதல் தேர்வில் அலுமினியப் படகுக்கு நாங்கள் அளித்த மதிப்பெண் குறைவே.

உலோகத்தின் குணம்

அடுத்து உலோகத்தை ஆராய்ந்தோம். அலுமினியத்தின் அடர்த்தி 2.7; இரும்பின் அடர்த்தி ஏறத்தாழ 7.8. ஒரு சதுர மீட்டர் பரப்பும் 4 மில்லிமீட்டர் கனமும் உள்ள அலுமினியத் தகடு சுமார் 11 கிலோ எடை கொண்டது. அதே பரப்புள்ள இரும்புத் தகடு 3 மில்லிமீட்டர் கனமே இருந்தாலும் 23 கிலோவுக்கு மேல் நிற்கும். 8 மில்லிமீட்டர் கனமுள்ள பைபர் சுமார் 13 கிலோ. எடையில் அலுமினியம் வெற்றி பெறுகிறது. பாறையில் மோதினால் பைபர் விரிசல் விடும். அலுமினியம் பெரும்பாலும் நசுங்கும், எளிதில் ஓட்டையாகாது. இதுவும் அதன் சிறப்பே.

"துருப் பிடிக்காது" என்ற சொல்லில் பாதிதான் உண்மை. காற்றுப் பட்டவுடன் அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் உண்டாகி உலோகத்தைக் காக்கிறது. மக்னீசியம் கலந்த 5083 போன்ற கடல்தரக் கலவைகள் உப்பு நீரையும் நன்கு தாங்கும். பாத்திரக் கடைத் தகடு அவ்வாறு தாங்காது. கடல்தரத் தகடாக இருந்தாலும் வேறு உலோகம் அருகே வந்தால் கதை மாறிவிடும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் உப்பு நீரில் ஒரு செம்புத் தகட்டையும் ஓர் அலுமினியத் தகட்டையும் வைத்துக் கம்பியால் இணைத்தோம். கால்வனாமீட்டரின் முள் உடனே நகர்ந்தது. அது ஒரு மின்கலமாகவே ஆகிவிட்டது! அத்தகைய கலத்தில் அரிக்கப்படுவது அலுமினியமே. படகின் அடியில் ஈரத்தோடு ஒரு செம்புக் காசு கிடந்தாலும் நாளடைவில் அந்த இடத்தில் குழி விழும். நம் மீனவர் வலைகளில் ஈயக் குண்டுகள் உள்ளன. நனைந்த வலையை அலுமினியத்தின் மேல் குவித்து வைத்தால் ஈயமும் இவ்வாறே தீங்கு செய்யும். இதைத் தடுக்க மரத்தட்டிகள் வேண்டும். படகுக்கு வெளியே துத்தநாகக் கட்டி பொருத்த வேண்டும். துத்தநாகம் தான் கரைந்து அலுமினியத்தைக் காக்கும். கட்டி தேய்ந்ததும் மாற்றுவதற்கு மறக்கலாகாது.

பாரமும் மிதப்பும்

ஆர்க்கிமிடீசின் விதியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்த எங்களுக்கு அதன் பயன் அன்றுதான் புரிந்தது. நீர்மட்டத்தில் படகின் நீளம் 6.5 மீட்டர், அகலம் 1.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முனைகள் குறுகுவதால் முக்கால் பங்கு கணக்கிட்டால் பரப்பு 7.8 சதுர மீட்டர். ஒரு கன மீட்டர் கடல் நீரின் எடை சுமார் 1,025 கிலோ. எனவே இப்படகை ஒரு சென்டிமீட்டர் அமிழச் செய்ய ஏறத்தாழ 80 கிலோ தேவை. நான்கு ஆட்கள், வலை, எஞ்சின், எரிபொருள், பனிக்கட்டி எல்லாம் சேர்த்து 560 கிலோ என்றால் படகு 7 சென்டிமீட்டர் அமிழும். 400 கிலோ மீன் கிடைத்தால் மேலும் 5 சென்டிமீட்டர். நிறைந்த பாரத்தோடு விளிம்புக்கும் நீருக்கும் இடையே எவ்வளவு உயரம் எஞ்சுகிறது என்று பார்ப்பதே சரியான மதிப்பீடு. வெறும் படகின் விளிம்பைப் பார்த்து மகிழ்வதில் பயனில்லை.

கவிழ்ந்து நீர் நிரம்பிவிட்டால் என்னாகும்? நீருக்குள் அலுமினியம் தன் எடையில் ஏறத்தாழ 62 விழுக்காட்டைக் காட்டும். பைபர் சுமார் 36 விழுக்காட்டையே காட்டும். 300 கிலோ எடையுள்ள அலுமினியக் கூடு நீருக்குள் 186 கிலோ பாரமாக நிற்கும். அடைத்து மூடிய ஒரு லிட்டர் காற்றிடம் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும். எனவே கூட்டுக்கு மட்டுமே சுமார் 190 லிட்டர் வேண்டும். எஞ்சினுக்கும், பற்றிக்கொண்டிருக்கும் மனிதருக்கும் இன்னும் கூடுதலாக வேண்டும். மிதப்புப் பொருள் அடைக்கப்படாத உலோகப் படகு நீர் நிறைந்தால் மூழ்கிப் போகும். கட்டுமரத்துக்கு இந்த அச்சமே கிடையாது.

நடுவில் நிற்கும் மேடை

படத்திலிருந்த மேடை எங்களை மிகவும் கவர்ந்திருந்தது. ஓட்டுபவர் நிமிர்ந்து நின்று நாற்புறமும் பார்க்கலாம். சுற்றிலும் நடந்து எந்தப் பக்கத்திலும் தூண்டில் போடலாம். தூண்டில்காரருக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை. தோழியின் தந்தையாரோ வலைக்காரர். வலை பின்புறமிருந்து தடையின்றி ஓட வேண்டும். இழுக்கும்போது நடுவிடம் முழுவதும் வலையும் மீனும் நிறையும். "அந்த மேடை இருக்கிற இடத்திலேதான் என் வலை இருக்கு" என்று அவர் சொன்னது எங்கள் கணக்குகளைவிட எளிதாக உண்மையை விளக்கியது. அலுமினியப் படகில் வலை வீசவே இயலாது என்று எண்ணிவிடக் கூடாது. அலாஸ்காவின் பிரிஸ்டல் வளைகுடாவில் 32 அடி அலுமினியப் படகுகள் வலையால்தான் சால்மன் மீன் பிடிக்கின்றன. அவை வலைக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. பழுது பார்க்கும் பட்டறைகளும் அங்கு உண்டு.

பழுது பார்ப்பவர் யார்?

1986 ஆம் ஆண்டில் வறட்சியால் கலிலேயக் கடலின் நீர் வற்றியபோது சேற்றிலிருந்து ஒரு பழைய மீன்பிடி படகு வெளிப்பட்டது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது, 8.2 மீட்டர் நீளம், 2.3 மீட்டர் அகலம். நம் கரையில் கிடக்கும் பைபர் படகின் நீளந்தான்! இராயப்பரும் அவர் தோழரும் வலை வீசிய காலத்துப் படகு அது. கேதுருப் பலகைகளால் கட்டிய அப்படகில் வேறு பலவகை மரத்துண்டுகளும் ஒட்டுப் போடப்பட்டிருந்தன. கையில் கிடைத்த மரத்தைக் கொண்டு மீண்டும் மீண்டும் செப்பனிட்டு உழைத்த ஏழை மீனவரின் கதையை அது சொல்கிறது.

நம் கரையிலும் அதே நிலைதான். பைபர் படகில் விரிசல் கண்டால் பிசினும் கண்ணாடி இழையும் வாங்கி வந்து மணலிலேயே ஒட்டலாம். அலுமினியத்துக்கு ஆர்கான் வாயுவுடன் வெல்டிங் செய்யத் தெரிந்தவர் வேண்டும். கரைக்காற்றில் அந்த வாயு கலைந்துவிட்டால் ஒட்டு துளை விழும். அருகில் அத்தகைய பட்டறை இல்லையென்றால் ஒரு சிறு கீறலுக்கும் படகைச் சுமந்துகொண்டு நகரத்துக்குச் செல்ல நேரும். படகு கரையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அடுப்பு எரியாத நாள். இலவசமாக வரும் படகையும் இவ்வாறே சோதித்தல் வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நல்ல உள்ளங்கள் ஏராளமான படகுகளை வழங்கின. அவசரத்தில் கட்டப்பட்டவற்றுள் தரம் குறைந்தவையும் இருந்தன.

எங்கள் முடிவு

கழிமுகத்திலோ துறைமுகத்திலோ மிதந்து நிற்கும் தூண்டில் படகாக இருந்தால் அந்த அலுமினியப் படகு மிக நல்ல படகு. மணலில் ஏறி இறங்கும் வலைப்படகாக அது தோழியின் வீட்டுக்கு ஏற்றதன்று. இவ்வாறு எழுதி, கணக்குத் தாளுடன் தந்தையாரிடம் கொடுத்தோம். அவர் நெடுநேரம் படித்தார். பின்பு, பழைய படகை இடுப்பளவு ஆழமுள்ள அமைதியான கழிமுக நீருக்குக் கொண்டு சென்று, எஞ்சினோடு நீர் நிரப்பிச் சோதித்தார். அணியம் மேலே நின்றது. பின்புறம் எஞ்சினின் பாரத்தால் முழுதும் அமிழ்ந்தது. குறை எங்கே என்று தெரிந்துவிட்டது. பின்புறத்தில் மிதப்புப் பொருளை வைத்து அடைத்து, விரிசல்களை ஒட்டி, ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டையும் வாங்கினார். கேட்ட கடனில் சிறு பகுதியே செலவாயிற்று. நகை பெட்டியிலும், படிப்புப் பணம் வங்கியிலும் இருக்கின்றன.

அன்புத் தோழியரே, படகு வாங்கும் நாள் நம் வீட்டிலும் வரலாம். படகில்லையேல் வேறொரு பெரும் பொருள். அது எந்த இடத்தில் உழைக்கப் போகிறது, எவ்வளவு பாரம் தாங்கும், கெட்டால் யார் செப்பனிடுவார், ஆபத்தில் நம்மைக் கரை சேர்க்குமா என்று கேட்டுப் பார்ப்போம். தோழியின் அம்மா இப்போதும் அதிகாலையில் கரைக்கு வந்து நிற்கிறாராம். ஆனால் முன்பு போல் அலையை எண்ணிக்கொண்டு நிற்பதில்லை என்று அவள் எங்களிடம் கூறினாள். எங்கள் மன்றம் இவ்வாண்டு பெற்ற பரிசுகளுள் அச்சொல்லையே பெரிதாகக் கருதுகிறோம்.