ஐந்து வருடம் கழித்தும் பயன்படும்படி எழுதுவது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய கொஞ்ச நாளிலேயே பலர் தமக்குத் தெரிந்ததை இண்டர்நெட்டில் எழுத ஆரம்பிக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய பத்திரிகை என்றால் அட்டையிலேயே மாதமும் வருடமும் இருக்கும். இண்டர்நெட்டில் தேதி போடாத கட்டுரை, நேற்று எழுதியதா, பத்து வருடம் முன் எழுதியதா என்றே தெரியாது.

இதில் ஆபத்தும் உண்டு. "வீடியோ தெரியவில்லையா? ஃபிளாஷ் பிளேயரை இன்ஸ்டால் செய்யுங்கள்" என்பது 2005-ல் சரியான யோசனை. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. அதன் பிறகு அந்தப் பெயரில் கிடைக்கும் பைலில் வைரஸ் இருக்கலாம். பழைய குறிப்பை நம்பி டவுன்லோட் செய்பவர் மாட்டிக்கொள்வார்.

சாப்ட்வேர் வேலையில் விளக்கக் குறிப்புகள் எழுதும்போது நான் கடைப்பிடிக்கும் வழிகள் இவை:

1. வருடத்தையும் வெர்ஷனையும் எழுதுங்கள். "புதிய விண்டோஸ்" என்றால் எக்ஸ்பியா, விண்டோஸ் 11-ஆ? படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

2. காரணத்தைச் சொல்லுங்கள். "மூன்றாவது பட்டனைக் கிளிக் செய்யுங்கள்" என்பது அடுத்த வெர்ஷனில் பொருந்தாமல் போகலாம். "முக்கியமான பைலை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று பழுதானாலும் மற்றது கைகொடுக்கும்" என்பது பிளாப்பி காலத்திலும் சரி, பென் டிரைவ் காலத்திலும் சரி.

3. தலைப்பிலேயே விஷயத்தைச் சொல்லுங்கள். "பிரிண்டர் பற்றி" என்பதைவிட "பிரிண்டரில் சிக்கிய பேப்பரை எடுப்பது எப்படி?" என்பதையே தேடி வருவார்கள். முதல் பத்தியிலேயே பதில் கிடைத்தால் தொடர்ந்து படிப்பார்கள்.

4. யூனிகோடில் டைப் செய்யுங்கள். திஸ்கி போன்ற பழைய முறைகளில் எழுதிய தமிழ்ப் பக்கங்கள், அதற்குரிய எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கிறுக்கலாகத்தான் தெரியும்.

5. உங்களிடம் ஒரு காப்பி வைத்திருங்கள். ஏராளமானோர் இலவசமாகப் பக்கங்கள் அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் சேவையை யாஹூ 2009-ல், ஜப்பான் நீங்கலாக, மூடிவிட்டது.

6. வருடம் ஒருமுறை திரும்பப் படியுங்கள். திருத்திய தேதியை மேலே போடுங்கள். முழுவதும் பழையதாகிவிட்டால், "இது இனிப் பொருந்தாது" என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

நீங்கள் எழுதியது ஏதாவது இருந்தால் இன்றே திறந்து, கண்ட்ரோல், எஃப் கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். "இப்போது", "சமீபத்தில்" என்ற சொற்களைத் தேடி, அந்த இடங்களில் வருடத்தைப் போடுங்கள். பத்து நிமிட வேலைதான்.