பள்ளிக்கூடத்துக்கு ஒரு பரீட்சை

ஜூன் மாதம் பிறந்ததும் நமது ஊர்களில் தகப்பனார் ஒவ்வொருவரும் நீதிபதியாகிவிடுகிறார். "அந்தப் பள்ளிக்கூடம் சுத்த மோசம், இது பரவாயில்லை" என்று காப்பிக் கடைகளில் தீர்ப்புகள் சரமாரியாக வழங்கப்படுகின்றன. நாம் சில காலம் வக்கீல் தொழிலில் உழன்றவர்கள். ஆகவே இத்தீர்ப்புகள் காதில் விழும்போதெல்லாம் பழைய பழக்கத்தினால் ஒரு கேள்வி எழுகிறது: ருஜு என்ன? விசாரித்துப் பார்த்தால், பள்ளிக்கூடத்தின் வாசற்படியை மிதிக்காத ஒருவர் சொன்னதைக் கேட்டு, அதை மிதிக்காத மற்றொருவர் தீர்ப்பெழுதியிருப்பார். கேட்டவன் கேட்டதைச் சொல்வதைச் சாட்சியமாக ஏற்றுக்கொள்ள எந்தக் கோர்ட்டும் எளிதில் உடன்படாது. ஆனால் நமது குழந்தைகளின் வாழ்க்கை இத்தகைய சாட்சியத்தின் மேல்தான் நிர்ணயமாகிறது.

இதில் மிகவும் அநாதையாக நிற்பது நடுநிலைப் பள்ளி. ஆரம்பப் பள்ளியைப் பற்றிப் பேசுவோர் உண்டு. உயர்நிலைப் பள்ளிக்கோ 10ஆம் வகுப்புப் பொதுப் பரீட்சை இருக்கிறது. முடிவு வெளியாகும் நாளில் பத்திரிகைகள், நமது பத்திரிகையும் இதற்கு விலக்கல்ல, ஜில்லாக்களை வரிசைப்படுத்தி முதற் பக்கத்தில் அச்சிடுகின்றன. நடுவே கிடக்கும் 6, 7, 8 வகுப்புகளில் என்ன நடக்கிறது என்று கேட்பாரில்லை. அவ்வகுப்புகளையும் பரீட்சை வலைக்குள் கொண்டுவர ஒரு முயற்சி நடந்தது. 5, 8 வகுப்புகளுக்குப் பொதுப் பரீட்சை என்று தமிழ்நாட்டு அரசாங்கம் 2019ல் அறிவித்தது. எதிர்ப்பு வலுக்கவே 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. கைவிட்டது சரியே என்பது நமது அபிப்பிராயம். ஆனால், பரீட்சை வேண்டாமென்று போராடி வென்ற நாம், அதற்குப் பதிலாக எந்த அளவுகோலைக் கொண்டு பள்ளியை அளப்பது என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் கலைந்துவிட்டோம்.

ஆறாம் வகுப்பு என்பது அற்ப விஷயமன்று. அரசாங்கப் பள்ளியில் படித்தவர்களுக்கு வைத்தியக் கல்லூரியில் நூற்றுக்கு 7.5 இடங்களை ஒதுக்கி 2020ல் நமது சட்டசபை சட்டம் செய்தபோது, 6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அங்கே படித்திருக்க வேண்டுமென்றே நிபந்தனை விதித்தது. கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022ல் தொடங்கப்பட்டபோதும் அதே ஆறாம் வகுப்பு முதற்கொண்டுதான் கணக்கிட்டார்கள். ஆகவே, 11 வயதுக் குழந்தையை எந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறோமோ அது பின்னால் வரும் ஏழு வருஷங்களையும் கட்டுப்படுத்துகிறது. இந்த நிர்ணயத்தைப் பெரும்பாலோர் எதைப் பார்த்துச் செய்கிறார்கள்? கழுத்துப்பட்டியைப் பார்த்து, வாசலுக்கு வரும் மஞ்சள் வண்டியைப் பார்த்து, பிள்ளை இங்கிலீஷில் நாலு வார்த்தை உருட்டுவதைப் பார்த்து. மாலையில் அரசாங்கப் பள்ளியைக் காப்பாற்ற வேண்டுமென்று மேடையில் முழங்கிவிட்டு, மறுநாள் காலை தம் பிள்ளையை அதே மஞ்சள் வண்டியில் ஏற்றிவிடும் தேசபக்தர்களை நாம் அறிவோம். அவர்களைப் பரிகசிப்பது நமது நோக்கமன்று. அவர்களுள் சிலர் நமது நண்பர்கள். "உங்கள் தெருவிலுள்ள பள்ளி மோசமென்று எப்படித் தெரிந்தது?" என்று கேட்டால் அவர்கள் விழிக்கிறார்கள். அது நல்ல பள்ளி என்று மேடையில் சொன்னபோதும் அவர்களிடம் ருஜு இருக்கவில்லை.

சிலர் இதற்கு ஒரு சுலபமான வழி சொல்லுவார்கள். எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பரீட்சை வைத்து, வந்த எண்ணைக் கொண்டு பள்ளியையும் உபாத்தியாயரையும் தரம் பிரித்துவிட்டால் தீர்ந்தது என்பது அவர்கள் வாதம். இந்த வைத்தியத்தைச் செய்து பார்த்த தேசங்கள் உண்டு. இங்கிலாந்தில் 1862ல் ராபர்ட் லோ என்ற மந்திரி, பரிசோதகர் முன்னிலையில் குழந்தைகள் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் தேறுவதற்கேற்பப் பள்ளிக்கு மானியம் என்று விதி செய்தார். பரிசோதகராக இருந்த கவி மாத்யூ ஆர்னால்டு, இது கல்வியை இயந்திரமாக்கிவிடும் என்று கண்டித்தார். அவ்வாறே ஆயிற்று, உபாத்தியாயர்கள் பிள்ளைகளைப் பாடப் புத்தகத்தை நெட்டுருப் போடவைத்தார்கள். அந்நூற்றாண்டு முடியுமுன்னரே அம்முறையை இங்கிலாந்து கைவிட்டது. நமது சென்னை மாகாணத்திலும் அந்தக் காலத்தில் இந்தத் தேர்ச்சி மானியம் நடைமுறையில் இருந்தது என்பதை இன்று நினைவுகூர்வோர் சொற்பம்.

நமது காலத்திலேயே நடந்த மற்றொன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2002ல் ஒரு சட்டம் அமுலுக்கு வந்தது. எந்தக் குழந்தையும் பின்தங்கி நிற்கலாகாது என்பது அதன் பெயர், பெயரில் குற்றமில்லை. வருஷந்தோறும் தேர்ச்சி விகிதம் ஏற வேண்டும், 2014க்குள் நூற்றுக்கு நூறாக வேண்டும், ஏறாத பள்ளிக்குத் தண்டனை என்று அது விதித்தது. ஜார்ஜியா ராஜ்யத்திலுள்ள அட்லாண்டா நகரத்தில் விகிதம் வியக்கத்தக்கவாறு ஏறிற்று. ஏழைகள் நிறைந்த பேட்டைகளின் பள்ளிகள் ஒரே வருஷத்தில் தாவிக் குதித்தன. நகரக் கல்வி அதிகாரியான பெவர்லி ஹால் அம்மையாருக்கு 2009ல் அந்தத் தேசத்தின் சிறந்த கல்வி அதிகாரி என்ற விருது கிடைத்தது. அவ்வூர்ப் பத்திரிகை ஒன்று மட்டும், இப்படி ஏறுவது சாத்தியமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தது. (பத்திரிகைக்காரன் கணக்குப் பார்ப்பதிலும் சில சமயம் பிரயோசனம் உண்டு.) விடைத்தாள்களைச் சோதித்தபோது, தப்பான விடை அழிக்கப்பட்டுச் சரியான விடை குறிக்கப்பட்டிருந்த இடங்கள் ஏராளமாக வெளிப்பட்டன. ராஜ்ய அரசாங்கம் அனுப்பிய விசாரணையாளர்கள் 2011ல் தந்த அறிக்கையின்படி, பரிசீலித்த 56 பள்ளிகளில் 44ல் மோசடி நடந்திருந்தது. 38 தலைமை ஆசிரியர்கள் உட்பட 178 பேர் சம்பந்தப்பட்டிருந்தார்கள். விடுமுறை நாளில் ஒரு வீட்டில் கூடி, ரப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்து குழந்தைகளின் விடைகளைத் திருத்தியவர்களும் அவர்களில் உண்டு. கொள்ளைக் கூட்டங்களை ஒடுக்குவதற்காக இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் வழக்கு நடந்து, 2015 ஏப்ரலில் 11 பேர் குற்றவாளிகளென்று தீர்ப்பாயிற்று. ஹால் அம்மையார் அதற்கு முந்திய மாதமே காலமானார்.

இதில் நம்மை உறுத்துவது உபாத்தியாயர்களின் குற்றம் மட்டுமன்று. அங்கே பார்க்ஸ் என்ற நடுநிலைப் பள்ளி ஒன்று. பொய் மார்க்கினால் அது தேறிய பள்ளியாகக் கணக்கிடப்பட்டது. பின்தங்கிய பள்ளிகளுக்கென்றிருந்த உதவித் தொகை அதற்குக் கிடைக்காமற்போயிற்று. எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறிய பிள்ளை காகிதத்தில் தேறிவிட்டபடியால், அவனுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க எவருக்கும் கடமை இருக்கவில்லை. ஒரு எண்ணுக்காகப் பள்ளியை நடத்தினால் முதலில் மறைந்துபோகிறவன் இவன்தான்.

இனி, எண்ணே வேண்டாமா? வேண்டும், ஆனால் எந்த எண் என்பதில்தான் சூட்சுமம். ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். ஓர் ஊரில் இரண்டு பள்ளிகள். ஆறாம் வகுப்பில் தலைக்கு 40 பிள்ளைகள். முதற் பள்ளியில் சேரும்போதே 36 பேர் தங்குதடையின்றி வாசிக்கிறார்கள். எட்டாம் வகுப்பை விட்டுச் செல்லும்போது 37 பேர். இரண்டாவது பள்ளியில் சேரும்போது 12 பேர்தான் வாசிக்கிறார்கள். போகும்போது 30 பேர். வெளியேறும் நாளில் மட்டும் அளந்தால் முதற் பள்ளிக்கு நூற்றுக்கு 92.5, இரண்டாவதற்கு 75. ஊர் முழுவதும் முதற் பள்ளிக்கு ஓடும். ஆனால் வாசிக்கத் தெரியாமல் வந்த 4 பேரில் ஒருவனுக்குத்தான் முதற் பள்ளி கற்பித்தது. இரண்டாவது பள்ளியோ 28 பேரில் 18 பேருக்குக் கற்பித்தது. உமது பிள்ளை எட்டாதவன் என்றால் எங்கே சேர்ப்பீர்? வந்தபோது என்ன இருந்தது என்று குறித்து வைக்காத பள்ளியில் போகும்போது பெற்றது என்ன என்று சொல்ல முடியாது.

இந்த அளவை எடுக்க டில்லியிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. 2017லும் 2021லும் எடுத்த தேசிய அடைவுச் சோதனைகளில் எட்டாம் வகுப்பும் இருந்தது. எனினும் அவை ஜில்லாவின் நாடியைப் பார்ப்பவை. உங்கள் தெருப் பள்ளியைப் பற்றி ஒன்றும் சொல்லா. பிரதம் என்ற ஸ்தாபனம் 2005 முதல் கிராமங்களில் வீடுவீடாகச் சென்று செய்துவரும் சோதனை நமக்கு அதிகம் பயன்படும். இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு கதை. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்கு ஒன்று. அவ்வளவே. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் திண்ணையில் உட்கார்ந்து செய்து பார்க்கலாம். முரட்டு அளவுகோல்தான், ஆயினும் எட்டாம் வகுப்புப் பிள்ளை இதில் இடறினால் அங்கே சரித்திரமும் பூகோளமும் எப்படி நடக்கின்றன என்று கேட்க வேண்டியதில்லை.

அது நிற்க. பள்ளிக்குள்ளே போய்ப் பார்க்க வேண்டியவையும் உண்டு. 2009ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் அமுலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பிரஜையும் படிக்கத்தக்கது. 6, 7, 8 வகுப்புகளுக்கு வகுப்புக்கு ஒருவர் வீதமாவது உபாத்தியாயர். கணக்கும் சயன்ஸும், சமூகப் பாடம், மொழிகள் ஆகியவற்றுக்கு ஆள் இருத்தல். 35 பிள்ளைகளுக்கு ஒருவர். வருஷத்தில் 220 வேலை நாட்கள், 1,000 மணி நேரப் பாடம். கணக்கு உபாத்தியாயர் இடம் காலியாகி, தமிழ் உபாத்தியாயரே அல்ஜிப்ராவையும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தால் அந்தக் குறை உபாத்தியாயருடையதன்று, நியமனம் செய்யாதவர்களுடையது. பள்ளிக்கூடத்தை மதிப்பிடுகிறவர்கள் இந்தப் பாகுபாட்டை மறந்துவிடலாகாது. ஆனால் அட்டவணைப்படி எல்லாம் இருந்துவிட்டாலும், அடுப்பும் அரிசியும் இருக்கின்றன என்றுதான் ஆகும்; சோறு வெந்ததா என்பதைப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும். கடைசிப் பெஞ்சுப் பிள்ளையின் நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். நாற்பது நோட்டிலும் ஒரே விடை ஒரே வார்த்தைகளில் இருந்தால் அது கைடைப் பார்த்து எழுதிப் போட்டது. தப்பும் தவறுமாகச் சொந்த வாக்கியம் இருந்து, அதன் பக்கத்தில் உபாத்தியாயரின் சிவப்பு மை இருந்தால் அங்கே பாடம் நடக்கிறது. புத்தக அலமாரியின் சாவி எங்கே என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளின் கழிப்பிடத்தில் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். 11, 12 வயதில் பெண்கள் பள்ளிக்கு வராமல் நின்றுவிடுவதற்கு இதுவே காரணமாவது உண்டு. பல பரிசோதனைகளில் இது கடைசி வரியாக வருவது நமக்கு வியப்பு. காலை உணவையும் விசாரியுங்கள். அத்திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது 5ஆம் வகுப்பு வரைக்கும் என்றே வகுக்கப்பட்டது. ஐந்தில் சாப்பிட்ட பிள்ளை அதே கட்டிடத்தில் ஆறாம் வகுப்புக்கு ஏறியதும் பசியுடன் உட்கார்ந்தால், முதல் மணியில் அவன் தூங்கி விழுவதைச் சோம்பல் என்று யார் சொல்வது?

இவற்றையெல்லாம் கேட்க நமக்கு என்ன அதிகாரம் என்று சிலர் கேட்கலாம். அதே சட்டத்தின் 21வது பிரிவு பதில் சொல்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், அபிவிருத்தித் திட்டம் தயாரிப்பதும், வந்த பணம் செலவான விதத்தைப் பார்ப்பதும் அதன் வேலை. ஸ்தல ஸ்தாபன அங்கத்தினர்களுக்கும் அதில் இடமுண்டு. நமது நேயர்களில் அநேகர் அந்தப் பதவியை வகிப்பவர்கள். டீ சாப்பிட்டு, சுவருக்கு வர்ணம் அடிப்பதைப் பற்றிப் பேசி, மினிட் புத்தகத்தில் கையெழுத்திட்டுத் திரும்பியவர்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது வாசிக்கத் தெரியாதிருந்தவர்கள் யார் யார், இப்போது அவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

இக்கேள்வியை நாம் சென்ற ஆடி மாதம் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் கேட்டோம். வெளிப் பார்வைக்கு அப்பள்ளியில் ஒன்றுமில்லை. மதிற்சுவரில் ஒரு பக்கம் இடிந்து கிடந்தது. தலைமை உபாத்தியாயினி பதில் சொல்லாமல் மேஜை இழுப்பறையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து வைத்தார். கல்வி இலாகா கேட்கும் ரிஜிஸ்தர் அல்ல. அவரே கோடு போட்டது. எட்டாம் வகுப்பை முடித்துச் சென்ற ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் எதிரே, வந்தபோது வாசிப்பு எப்படி, போனபோது எப்படி, ஒன்பதாம் வகுப்பில் எந்தப் பள்ளியில் சேர்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தார். அவ்வருஷம் போன 23 பேரில் 20 பேருக்கு எதிரே பள்ளிப் பெயர் இருந்தது. மூன்று பெயர்களுக்கு எதிரே காலியாக இருந்தது. அதைச் சுட்டிக்காட்டினோம்.

"ஒருத்தன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்கிறார்கள். மற்ற இரண்டும் பெண்கள். சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போகிறேன், நீங்களும் வருகிறீர்களா?" என்றார் அந்த அம்மாள்.

போனோம்.