பன்னிரண்டு வருடம் கழித்தும் திறக்கும் கோப்பு

ஸ்ரீமுஷ்ணம் கடைத்தெருவில் ஒரு டிடிபி கடை. பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் பழைய சிடி ஒன்றை உறையிலிருந்து எடுத்து நீட்டினார். “போன கும்பாபிஷேகத்துக்கு அடிச்ச பத்திரிகை தம்பி. தேதியும் உபயதாரர் பேரும் மாத்திக் குடுத்தா போதும்.” கடைக்காரர் சிடியைப் போட்டுப் பார்த்தார். கோப்பு இருந்தது, அதைத் திறக்கும் மென்பொருள் அவரிடம் இல்லை. வேறு வழியில் திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். “முழுசா திரும்ப அடிச்சிடலாங்கய்யா.” யாகசாலை நேரங்கள், உபயதாரர் பட்டியல், விழாக்குழுவினர் பெயர்கள் என்று நான்கு பக்கம். அத்தனையும் மறுபடி.

பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்வது நம் வழக்கம். கோபுரமும் கலசமும் அதுவரை தாங்குகின்றன. நாம் அடித்த நான்கு பக்கம் தாங்கவில்லை என்பது என்னை உறுத்துகிறது.

அந்தக் கோப்பில் இரண்டு பூட்டுகள் இருந்தன. முதல் பூட்டு, பேஜ்மேக்கர். நம் ஊர் டிடிபி கடைகளை வளர்த்த மென்பொருள் அது. ஆனால் 2001-ல் வந்த ஏழாம் பதிப்புதான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு. மென்பொருள் நின்றதும் அதன் கோப்புகளும் அநாதையாயின. தன்னார்வலர்கள் அந்தக் கோப்பின் உள்ளமைப்பை ஆராய்ந்து கண்டுபிடித்த பிறகே, 2015-ல் வெளியான லிப்ரே ஆபீஸ் 4.4 என்ற கட்டற்ற அலுவலக மென்பொருள் பேஜ்மேக்கர் கோப்புகளைப் படிக்கத் தொடங்கியது.

இரண்டாவது பூட்டு, எழுத்துரு. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இருக்கும் கணினியில் அது அம்மா. இல்லாத கணினியில் வெறும் கிறுக்கல். எல்லாக் கணினிக்கும் பொதுவான குறிமுறையான யூனிகோடில் தமிழுக்கு 1991 முதலே தனி இடம் உண்டு. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசும் யூனிகோடையும் டேஸ்-16 குறிமுறையையும் தரமாக ஏற்றது. பழைய கோப்பை மாற்றித் தர என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற கருவிகளும் இருக்கின்றன.

கோப்பு வடிவம் என்றால் என்ன? ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலம் பக்கம்தான். அங்கே பீங்கான் பொம்மை செய்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும். களிமண் குழம்பை அச்சில் ஊற்றிப் பொம்மை எடுக்கிறோம். அச்சு ஒருவர் வீட்டில் மட்டும் பூட்டியிருந்தால், அவர் தொழிலை விட்ட நாளில் அந்தப் பொம்மையும் போயிற்று. அச்சின் அளவுகளை ஊரறிய எழுதி வைத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் அதை மறுபடி வார்க்கலாம். கோப்பு வடிவமும் அந்த அச்சைப் போலத்தான்.

கட்டற்ற மென்பொருள் எழுதியவர்கள் இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்தார்கள். ஓப்பன் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளுக்கு ஒரு வடிவம், கேஆபீஸ் என்ற இன்னொன்றுக்கு வேறொரு வடிவம் என்று தொடக்கத்தில் தனித்தனியாகத்தான் இருந்தது. இரண்டுமே இலவசம், மூலநிரலும் திறந்தது. ஆனாலும் ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் முறையாகத் திறக்க முடியாது. 2002 இறுதியில் ஓயாசிஸ் என்ற தர அமைப்பில் இதற்கென ஒரு குழு கூடியது. ஓப்பன் ஆபீஸ் தரப்பும் கேஆபீஸ் தரப்பும் அதில் உட்கார்ந்தன. 2005 மே மாதம் ‘ஓப்பன் டாக்குமென்ட்’ வடிவம், சுருக்கமாக ஓடிஎஃப், தரமாக வெளிவந்தது. 2006-ல் அது ஐஎஸ்ஓ 26300 ஆனது. தாங்கள் உருவாக்கிய வடிவத்தை விட்டுக்கொடுத்துப் பொது வடிவத்துக்கு வந்த கேஆபீஸ்காரர்களை நான் பெரிதாக மதிக்கிறேன். அவர்களின் 1.5 பதிப்பு 2006-லேயே ஓடிஎஃப்பை இயல்பு வடிவமாக்கியது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். லிப்ரே ஆபீசில் யூனிகோடில் ஒரு வரி அடித்து, ஓடிஎஃப்பின் உரைக் கோப்பான ‘ஓடிடி’யாகச் சேமியுங்கள். கோப்புப் பெயரின் கடைசியில் உள்ள ஓடிடியை ‘ஜிப்’ என்று மாற்றி விரித்தால் உள்ளே சில கோப்புகள் கிடைக்கும். ‘கன்டென்ட்’ என்று பெயரிட்ட எக்ஸ்எம்எல் கோப்பை நோட்பேடில் திறங்கள். குறியீடுகளுக்கு நடுவே நீங்கள் அடித்த வரி அப்படியே தமிழில் இருக்கும். நாளைக்கு லிப்ரே ஆபீசே இல்லாமல் போனாலும் அந்த வரியை மீட்டுவிடலாம்.

இந்தியா இதில் சும்மா இருக்கவில்லை. மைக்ரோசாஃப்டின் ஓஓஎக்ஸ்எம்எல் வடிவத்தை, அதாவது இன்றைய டாக்எக்ஸின் அடிப்படையை, ஐஎஸ்ஓ தரமாக்கும் வாக்கெடுப்பில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2007-லும் 2008-லும் எதிர்த்தே வாக்களித்தது. ஆனாலும் அது தரமாகிவிட்டது. சென்னையில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம், உமாசங்கர் ஐஏஎஸ் அதன் நிர்வாக இயக்குநராக இருந்த அந்த ஆண்டுகளில், சூசே லினக்சுக்கும் ஓப்பன் ஆபீசுக்கும் மாறிக் காட்டியது. 2010 நவம்பரில் மத்திய அரசு மின்னாளுமைக்கான திறந்த தரக் கொள்கையை வெளியிட்டது. உரிமத்தொகை கேட்காத தரங்களே வேண்டும் என்பது அதன் சாரம்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஓடிடி கோப்பை வேர்டில் திறந்தால் சில நேரம் அட்டவணை நகரும், வரி இடம் மாறும். பத்திரிகை அச்சுக்குப் போக பிடிஎஃப் போதும். மறுபடி திருத்த ஓடிடி வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்வதே சரி.

அடுத்த முறை டிடிபி கடையில் பணம் கொடுக்கும்போது, “யூனிகோடில் அடிச்ச ஓடிடி கோப்பும் ஒண்ணு பென்டிரைவில் போட்டுக் குடுங்க” என்று கேட்டு வாங்குங்கள். யூனிகோடில் அடித்திருந்தால் கடைக்காரருக்கு அது இரண்டு நிமிட வேலை.