குற்றம் இறாலிலா, சலவை வாளியிலா?

படுவான்கரைக் கிராமங்களுக்கு நாம் போகும் நாட்களில், கூட்டம் முடிந்து பாய் சுருட்டும் நேரத்தில்தான் பெண்கள் தம் கைகளை எமக்குக் காட்டுவார்கள். விதைநெல், கடன், காணி உறுதி என்று பேச வேண்டியவை பல இருக்க, கைக் கடியைச் சபையில் எப்படிச் சொல்வது என்ற கூச்சம் அவர்களுக்கு. விரல் இடுக்குகளில் சிவப்பு, நகக்கண்ணைச் சுற்றி வெடிப்பு, உள்ளங்கையில் தோல் உரிந்து எரிவு. சிலரால் மிளகாய் அரைக்க முடிவதில்லை. சிலரால் உப்பைத் தொட முடிவதில்லை.

“நாலு மாசமா இறால் நண்டு ஒண்டும் தொடல்ல மகள். கை மட்டும் மாறுதில்ல” என்றார் ஒரு தாய், எம்மில் இளையவரைப் பார்த்து.

அத்தாய் வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தவர். இறாலும் நண்டும் அந்த வீட்டில் அதிக காசு கொடுக்காமல் கிடைக்கும் சத்துணவு. கைக் கரப்பனுக்குக் கிரந்திச் சாப்பாடுதான் காரணம் என்று அயலவர் சொன்னதால் முதலில் இறாலை விட்டார். பிறகு நண்டை, பிறகு கத்தரிக்காயை. ஆனால் அந்த நாலு மாதமும் ஒவ்வொரு நாளும் சலவைத் தூள் கரைத்த வாளிக்குள் அவருடைய கை போய் வந்துகொண்டேயிருந்தது. வாளியை எவரும் சந்தேகிக்கவில்லை.

உணவு ஒவ்வாமை பொய் என்று நாம் சொல்லவில்லை. இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதைச் சாப்பிட்ட சில நிமிடங்களில், அல்லது ஓரிரு மணித்தியாலத்துக்குள், உடம்பெங்கும் தடிப்பு எழும்பும். உதடும் கண்மடலும் வீங்கும். மூச்சு முட்டினால் அது உயிராபத்து. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இறால் உரிப்பதையே தொழிலாகச் செய்பவரின் கையும் அதனால் கரப்பன் கொள்ளலாம். ஆனால் இரண்டு கைகளில் மட்டும், மாதக் கணக்கில், கூடியும் குறைந்தும் வருகின்ற வெடிப்புக்கு, வாய்க்குள் போனது எது என்று தேடுவதற்கு முன் கை தொட்டது எது என்று தேடுவதே முறை.

தூள் வீட்டுக்குள் வந்த வழி

எமது மூத்தோர் சட்டி பானையைச் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் கொண்டு துலக்கினார்கள். துணிக்குச் சவர்க்காரக் கட்டி. 1990இன் இடம்பெயர்வு, 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை, 2006 – 2007இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மக்கள் வெளியேறிய காலம் என்று ஒவ்வொரு முறையும் குடும்பங்கள் பாடசாலைகளிலும் ஆலயங்களிலும் கூடாரங்களிலும் நெருக்கமாக வாழ நேர்ந்தது. அரிசி, பருப்போடு சவர்க்காரமும் சலவைத் தூளும் கிருமிநாசினியும் நிவாரணப் பொதிகளில் வந்தன. அவை வந்தது நன்மைக்கே. நூறு குடும்பத்துக்குச் சில மலசலகூடங்கள் இருக்கும் இடத்தில் வயிற்றோட்டம் பரவாமல் காத்ததில் சவர்க்காரத்துக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் பொதி கொடுத்த எம்மைப் போன்றவர்கள் தூளின் அளவையும் சொல்லிக் கொடுத்தோமா என்று கேட்டால், பதில் சொல்ல எமக்குச் சங்கடமாகவே இருக்கிறது.

இதில் தண்ணீருக்கும் பங்குண்டு. வாவியை அண்டிய பல கிணறுகளில் நீர் உவர். உவர் நீரிலும் கடின நீரிலும் சவர்க்காரக் கட்டி நுரைக்காது. வெள்ளைக் கசடுதான் மிதக்கும். தூளோ அந்த நீரிலும் ஓரளவு நுரைக்கும். எனவே கட்டி போய்த் தூள் வந்தது. அழுக்குப் போகவில்லை என்று இன்னொரு கைபிடி போடுவதும் பழக்கமாயிற்று. ஆழிப்பேரலைக்குப் பின் கடல் புகுந்த கிணறுகளை இறைத்துக் குளோரின் இட்டார்கள். கிருமிக்கு அது அவசியமான வேலை. ஆயினும் மணற்பாங்கான கரையில் மீண்டும் மீண்டும் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நன்னீருக்குக் கீழே கிடக்கும் உவர்நீர் மேலே ஏறிவிடும் என்று நிலத்தடி நீரை ஆய்ந்தவர்கள் பின்னர் எச்சரித்தார்கள். கிணறு உவரானால் வீட்டில் தூள் செலவும் கூடும். அந்தச் செலவைக் காசில் மட்டுமல்ல, கைத்தோலிலும் கொடுக்கிறோம்.

எரிவு வேறு, ஒவ்வாமை வேறு

எமது தோலின் மேற்படையில் இயற்கையான எண்ணெய்ப் பசை உண்டு. அது சற்றுப் புளித்தன்மை கொண்டது. சலவைத் தூள் கரைசலோ காரத்தன்மை கொண்டது. துணியின் எண்ணெய் அழுக்கைக் கழற்றும் அதே வேலையை அது கையிலும் செய்கிறது. பசை போன தோல் உலரும், வெடிக்கும், எரியும். இது எவருக்கும் வரலாம். தூளின் அளவும் கை நனைந்திருக்கும் நேரமும் கூடக் கூட இதுவும் கூடும். நாம் காணும் கைப் புண்களில் பெரும்பாலானவை இவ்வகையே. 2020இல் கொரோனாக் காலத்தில் ஓயாமல் கை கழுவிய தாதியரும் வைத்தியர்களும் உலகெங்கும் இதே வெடிப்பால் அவதிப்பட்டார்கள்.

ஒவ்வாமை என்பது வேறு. உடலின் பாதுகாப்புச் சக்தி ஒரு குறித்த பொருளைப் பகையாக அடையாளம் கண்டு மனதில் வைத்துக்கொள்கிறது. இதற்கு மாதங்களோ வருடங்களோ எடுக்கலாம். ஆகவேதான் “பத்து வருசமா இதே தூள்தான் பாவிக்கிறன், இப்ப எப்படி வரும்?” என்ற கேள்வி எழுகிறது. பத்து வருடம் ஒன்றும் செய்யாத பொருள் பதினோராம் வருடம் செய்யலாம். ஒருமுறை பகையானால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் பகை. மிகச் சிறிய அளவு பட்டாலும் போதும். தொட்ட உடனே அல்லாமல் ஒன்று முதல் மூன்று நாட்கள் கழித்தே கடியும் சிறு நீர்க்கொப்புளங்களும் எழும்புவதால், திங்கட்கிழமை தொட்ட பொருளின் குற்றத்தைப் புதன்கிழமை சாப்பிட்ட இறாலின்மேல் சுமத்திவிடுகிறோம்.

குற்றவாளி பெரும்பாலும் தூளின் சலவைப் பொருளல்ல. அதில் சேர்த்த வாசனையும், திரவங்கள் பழுதடையாமல் இருக்கச் சேர்க்கும் இரசாயனங்களுமே. எலுமிச்சை, தோடம்பழ மணம் தரும் லிமொனீன் என்னும் பொருள் காற்றுப்பட்டுப் பழசாகும்போது ஒவ்வாமையை உண்டாக்கக் கூடியதாக மாறுகிறது. மெதைல்ஐசோதயசோலினோன் என்னும் பாதுகாப்புப் பொருள் பாத்திரம் கழுவும் திரவங்களிலும் சாயங்களிலும் பரவலாகச் சேர்க்கப்பட்ட பின், ஐரோப்பாவில் கைக் கரப்பனும் முகக் கரப்பனும் பெருகின. 2013இல் அமெரிக்காவின் தொடுகைத் தோலழற்சிச் சங்கம் அதனை அவ்வாண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. பூசிக் கழுவாமல் விடும் கிரீம்களில் அதைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடுத்துள்ளது. நம் கடைகளில் விற்கும் போத்தலில் அது இருக்கிறதா என்று பார்க்கப் போனால், பொடி எழுத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பழைய சோடாப் போத்தலில் ஊற்றி விற்கும் திரவத்திலோ எழுத்தே இராது. அப்படிப்பட்டதை வாங்க வேண்டாம் என்று நாம் கண்டிப்பாகச் சொல்வோம். தண்ணீர் என்று எண்ணிப் பிள்ளை குடித்துவிடும் ஆபத்தும் அதில் உண்டு.

சுவாசத்தையும் இது தாக்கும். 1969இல் இங்கிலாந்தில், கறை நீக்கும் நொதியம் சேர்த்த சலவைத் தூள் தயாரித்த தொழிலாளருக்கு அத்தூசியால் தொய்வு வந்ததை வைத்தியர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள். அதன்பின் நொதியத்தைத் தூசி கிளம்பாத மணிகளாக மூடிச் சேர்க்கும் முறை வந்தது. 2018இல் நோர்வேயின் பேர்கன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வொன்று, 6,000க்கு மேற்பட்டோரை 20 வருடங்கள் தொடர்ந்து பார்த்தது. வீட்டையோ பிறரிடத்தையோ துப்புரவு செய்யும் பெண்களின் நுரையீரல் வலு மற்றப் பெண்களினதை விட வேகமாகக் குறைந்திருந்தது.

இதை வாசிக்கையில் எமக்கு நினைவுக்கு வந்தவர்கள், காணியும் வேளாண்மையும் கைவிட்டுப் போனபின் குவைத், சவூதி, கட்டார் என்று பணிப்பெண்களாகப் போன எமது சகோதரிகள். மூடிய குளியலறைகளில் நாளுக்குப் பல தடவை குளோரின் திரவமும் அமிலமும் கொண்டு தேய்ப்பது அவர்களுடைய வேலை. திரும்பி வந்தவர்களில் சிலர் கையைக் காட்டுகிறார்கள். சிலர் வெளிறாக்கியின் மணம் பட்டாலே முட்டு வருவதாகச் சொல்கிறார்கள். போக இருப்பவர்கள் ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: குளோரின் திரவத்தோடு மலசலகூடம் கழுவும் அமிலத்தைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ சேர்த்தாலும் அப்படியே. அமோனியா சேர்ந்த திரவத்தோடு கலந்தாலும் நச்சு வாயுதான். இரண்டு சேர்ந்தால் இரட்டிப்புச் சுத்தம் என்று வீட்டு எசமானி சொன்னாலும் கலக்கக் கூடாது. தற்செயலாகக் கலந்துவிட்டால் போட்டது போட்டபடி வெளியே வந்துவிடுங்கள். இங்கே என்றால், மூச்சு முட்டுபவருக்கு 1990 இலக்க அம்புலன்ஸை அழைக்கலாம், அதற்குக் காசில்லை.

வயலுக்குப் போகும் கை

வெடித்த கை வெறும் அழகுப் பிரச்சினையல்ல. பெரும்போகத்தில் அதே கையோடும் அதே காலோடும் சேற்றில் இறங்குகிறோம். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரோடு வயல் நீரில் கலந்து, வெடிப்புகள் வழியாகவே உடலுக்குள் போகிறது. 2008இல் மட்டும் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோய் என்ற சந்தேகத்தில் அறிவிக்கப்பட்டார்கள். கையில் வெடிப்பு இருப்பவர் விதைப்புக்கு முன்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அதைச் சொல்லித் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்க வேண்டும்.

இன்னொரு தவறையும் அடிக்கடி காண்கிறோம். கை புண்ணானதும், கிருமி என்று எண்ணிக் கிருமிநாசினியை நேரே ஊற்றிக் கழுவுகிறார்கள். எரிந்த தோல் மேலும் எரிகிறது. மேலும் கழுவுகிறார்கள். பின்னர் பாமசியில் பெயர் தெரியாத கிரீம் ஒன்றை வாங்குகிறார்கள். அவற்றில் பல கடும் ஸ்டீரொயிட் கலந்தவை. இரண்டு நாளில் சுகம் போலத் தெரியும், நிறுத்தினால் திரும்பும், மாதக் கணக்கில் பூசினால் தோல் மெலியும். உண்மையில் அது படையாக இருந்தால் உள்ளுக்குள் பரவும். இரவில் கடி கூடி, வீட்டில் பலருக்கும் ஒன்றாக இருந்தால் அது சொறியாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு, முழுக் குடும்பமும் ஒரே நாளில் பூச வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் தூளின் அளவைக் குறைத்து, துணியை இரண்டு தண்ணீரில் அலசுங்கள். மாரியில் தகரக் கூரையிலிருந்து வடியும் மழைநீரைப் பிடித்து வையுங்கள். அது மென்னீர், சவர்க்காரக் கட்டியே அதில் நன்றாக நுரைக்கும், தூள் தேவைப்படாது. கழுவ முன் மோதிரத்தைக் கழற்றுங்கள். அதனடியில் தேங்கும் தூள்தான் பலருக்கு முதற்புண்ணை உண்டாக்குகிறது. கழுவி முடிந்ததும் நல்ல தண்ணீரில் கையை அலசி, துவாயால் ஒற்றி, வாசனையில்லாத வெள்ளை வசிலின் அல்லது தேங்காய் எண்ணெய் பூசுங்கள். இறப்பர்க் கையுறை நல்லது. உள்ளே பருத்தித் துணிக் கையுறை இருந்தால் இன்னும் நல்லது. ஓட்டையானதைப் போடுவது போடாததை விடக் கேடு. இறப்பரே ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. நிலம் துடைக்க 5 வீதக் குளோரின் திரவம் என்றால் ஒரு கோப்பைக்கு 49 கோப்பைத் தண்ணீர் போதும்.

பழைய முறைகளுக்குத் திரும்பலாமே என்று சிலர் கேட்கிறார்கள். உமிச்சாம்பலும் பொச்சும் பாத்திரத்துக்கு இன்றும் நல்லவைதான். ஆனால் சாம்பலும் காரமே. வெடித்த கையில் அதுவும் எரியும். தேசிக்காய்ச் சாறு கையில் பட்டபடி வெயிலில் நின்றால் தோல் கருகிக் கொப்புளிக்கும். ஊர்ப்பொருள் என்பதாலேயே தோலுக்கு நல்லது என்று நினைத்துவிட வேண்டாம்.

இவை எல்லாவற்றையும் விட எளிய பரிகாரம் ஒன்றுண்டு. கை ஆறும்வரை வாளியை வேறொருவர் எடுப்பது. நாம் சொன்ன தாயின் வீட்டில் வளர்ந்த ஆண்பிள்ளைகள் இருவர் இருந்தார்கள். “அவங்க துணி கழுவுறதா?” என்று அவர் சிரித்தார். பிறகு மூத்தவன் மூன்று கிழமை கழுவினான். கை பெருமளவு ஆறியது. மோதிர விரல் மட்டும் இன்னும் முழுதாக ஆறவில்லை. இறால் மீண்டும் சட்டிக்கு வந்துவிட்டது.

மூன்று கிழமை ஒதுங்கியிருந்தும் ஆறாவிட்டால், அல்லது முகத்திலும் கண்மடலிலும் பரவினால், கிராமத்து வைத்தியசாலையில் கடிதம் வாங்கிக்கொண்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போங்கள். ஒவ்வாமை என்று சந்தேகித்தால் முதுகில் சிறு ஒட்டுகளாகப் பொருட்களை வைத்து, இரண்டு நாள் கழித்து எடுத்து, அதற்குப் பின் மீண்டும் ஒருமுறை பார்த்துச் சொல்லும் பரிசோதனை ஒன்று உண்டு. அது தேவையா, எங்கே செய்யலாம் என்பதை நிபுணர் சொல்வார். போகும்போது வீட்டில் பாவிக்கும் தூள் பைக்கற்று, திரவப் போத்தல், இதுவரை பூசிய கிரீம் குழாய் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வெறுமையான பைக்கற்று என்றாலும் எறிய வேண்டாம்; வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.